புத்திமதி மருந்தாகாது!

"பீடியை விடு! குடியை நிறுத்து! உப்பைக் குறை! சோற்றைக் குறை! தினமும் அரை மணி நேரம் நட!"

ஆஸ்பத்திரி வாசலை மிதித்த தொழிலாளி எவரும் இந்தக் கட்டளைகளில் இரண்டையாவது கேட்காமல் வீடு திரும்பியிருக்க மாட்டார். டாக்டர் சொல்கிறார், நர்ஸம்மா சொல்கிறார், மாத்திரைப் பொட்டலத்தை நீட்டும் கம்பவுண்டர்கூடத் தன் பங்குக்கு ஒரு வார்த்தை சொல்லி வைக்கிறார். சுவரில் ஒட்டியிருக்கும் படமும் அதையேதான் சொல்கிறது. சொல்லாதவர் யாருமில்லை. கேட்டவர்களில் எத்தனை பேர் அதன்படி நடந்தார்கள்?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் துணையோடு நாடு முழுவதும் நடந்த கணக்கெடுப்பின் முடிவுகள் 2023-ல் வெளிவந்தன. இந்தியாவில் சர்க்கரை வியாதி உள்ளவர்கள் 10 கோடிப் பேர்! வயது வந்தவர்களில் 100-க்கு 35 பேருக்கு ரத்தக் கொதிப்பு! இது பணக்காரர் வியாதி, நமக்கென்ன என்று இருந்துவிட முடியாது. இதே கணக்கெடுப்பின் முந்திய பகுதி 2017-ல் வெளிவந்தபோதே ஒரு உண்மை அம்பலமாகிவிட்டது. தமிழ்நாடு, மகாராஷ்டிரம், சண்டிகர் ஆகிய இடங்களின் நகர்ப்புறங்களில் வசதி படைத்தவர்களைவிட வசதி குறைந்தவர்களிடம்தான் சர்க்கரை வியாதி அதிகம். அதாவது வியாதி மாளிகையை விட்டு இறங்கி, நம் தெருவுக்குக் குடிவந்துவிட்டது.

ஏன் ஜனங்கள் திருந்தவில்லை? "அவர்களுக்குப் புத்தி இல்லை" என்பது அதிகாரிகளின் பதில். "வறுமைதான் காரணம், சமுதாய அமைப்பு மாறினால் எல்லாம் மாறும்" என்பது நம் மேடைகளில் நாம் சொல்லும் பதில். முன்னது பச்சைப் பொய். பின்னது உண்மை; ஆனால் பாதி உண்மை. சமுதாயம் மாறுகிற வரையில் மாரடைப்பு காத்திருக்காது, தோழர்களே! மீதிப் பாதியைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம்.

அந்த மீதிப் பாதி என்ன? சொல்லப்படுகிற விஷயம் சரி. சொல்லுகிற முறை தவறு. இதைச் சொன்னவர் நம்மைப் போன்ற அரசியல்வாதி அல்ல, வில்லியம் மில்லர் என்ற அமெரிக்க மனோதத்துவ அறிஞர்.

அமெரிக்காவில் அந்தக் காலத்தில் குடிகாரருக்கு வைத்தியம் என்றால் என்ன தெரியுமா? உட்கார வைத்துத் திட்டுவது! "நீ குடிகாரன், ஒப்புக்கொள்! பொய் சொல்லாதே! குடும்பத்தைக் கெடுத்தவன் நீ!" என்று நெஞ்சில் குத்துவதுபோல் பேசுவது. மறுத்துப் பேசினால், அந்த மறுப்பே வியாதியின் அறிகுறி என்று எழுதி வைத்துக்கொள்வது. அடியாத மாடு படியாது என்கிற தத்துவம்தான்! மில்லர் இந்த வழியில் போகவில்லை. 1982-ல் அவர் நார்வே தேசத்தில் பெர்கன் நகருக்கு அருகே ஒரு சிகிச்சை நிலையத்தில் தங்கியிருந்தார். அங்கிருந்த இளம் மனோதத்துவ நிபுணர்கள் அவரை நோயாளியோடு பேசிக் காட்டச் சொன்னார்கள். பேசும்போது நடுநடுவே நிறுத்தி, "ஏன் இந்தக் கேள்வியைக் கேட்டீர்கள்? ஏன் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை? இந்த இடத்தில் ஏன் சும்மா இருந்தீர்கள்?" என்று துளைத்தெடுத்தார்கள். தான் என்ன செய்கிறோம் என்பதையே அந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லித்தான் அவர் தெளிவாக வகுத்துக்கொண்டார். 1983-ல் கட்டுரையாக எழுதினார். பிறகு ஸ்டீபன் ரோல்னிக் என்பவரோடு சேர்ந்து 1991-ல் புத்தகமாக வெளியிட்டார். ஆங்கிலத்தில் இதற்கு மோட்டிவேஷனல் இன்டர்வியூயிங் என்று பெயர். உள்ளத்தைத் தூண்டும் உரையாடல் என்று நாம் சொல்லிக்கொள்ளலாம்.

இதில் அடங்கிய சங்கதி மிகவும் எளிது. குடிப்பவருக்குக் குடி கெடுதல் என்பது தெரியாதா? நம்மைவிட நன்றாகத் தெரியும். அவர் மனத்துக்குள் இரண்டு பேர் இருக்கிறார்கள். "விட்டுவிடு" என்கிறான் ஒருவன். "இன்று ஒரு நாள்" என்கிறான் மற்றவன். வெளியிலிருந்து ஒருவர் வந்து "விட்டுவிடு" என்று உரக்கக் கூவினால் என்ன ஆகும்? உள்ளே இருக்கும் முதல் ஆளுக்கு வேலையில்லை. இரண்டாம் ஆள் எழுந்து பதில் சொல்ல ஆரம்பித்துவிடுகிறான். "எங்கள் தாத்தா 80 வயது வரை பீடி குடித்தார்" என்பான். "டாக்டரே சிகரெட் பிடிக்கிறார்" என்பான். சொல்லச் சொல்ல, தன் வாதத்தைத் தானே நம்பவும் தொடங்கிவிடுவான். 1993-ல் மில்லரும் அவருடைய சகாக்களும் வெளியிட்ட ஆராய்ச்சியில் இது அப்பட்டமாகத் தெரிந்தது. ஆலோசகர் எவ்வளவுக்கெவ்வளவு எதிர்த்து நின்று இடித்துரைத்தாரோ, அவ்வளவுக்கவ்வளவு அந்த ஆள் ஒரு வருஷம் கழித்து அதிகமாகக் குடித்துக்கொண்டிருந்தார்!

அப்படியானால் என்ன செய்ய வேண்டும்? விட வேண்டும் என்பதற்கான காரணத்தை அவர் வாயாலேயே சொல்ல வைக்க வேண்டும்.

ஒரு உதாரணம். விசைத்தறித் தொழிலாளி ஒருவர். வயது 45 என்று வைத்துக்கொள்வோம். ரத்தக் கொதிப்பு. வீட்டுக்கு மாத்திரை கொடுக்க வந்த பெண் கேட்கிறார்: "அண்ணே, இந்தப் பீடியினாலே உங்களுக்கு என்ன பிரயோசனம், சொல்லுங்க?" அவர் திகைக்கிறார். இப்படி ஒருவரும் கேட்டதில்லை. "ராத்திரி ஷிப்டிலே தூக்கம் வராமே இருக்கும், தங்கச்சி." "சரி, அப்போ பிடிக்காதது எதுவும் உண்டா?" "காலையிலே இருமல். பேத்தி பக்கத்திலே வரமாட்டேங்குது, நாத்தம்ங்குது." அந்தப் பெண் ஒரு புத்திமதியும் சொல்லவில்லை. "பேத்தி தள்ளிப் போறது உங்களுக்கு மனசைக் குத்துது" என்று மட்டும் சொல்லிவிட்டுக் காத்திருக்கிறார். பிறகு ஒரு கேள்வி: "பீடியை விடறது உங்களுக்கு எவ்வளவு முக்கியம்? பூஜ்யத்திலேயிருந்து பத்துக்குள்ளே ஒரு நம்பர் சொல்லுங்க." "நாலு." இந்த இடத்தில் நாமாக இருந்தால் என்ன கேட்போம்? "ஏன் எட்டு சொல்லவில்லை?" என்று பாய்வோம். அப்படிக் கேட்டால், விட முடியாததற்கான காரணங்கள் வரிசையாக வரும். அந்தப் பெண் கேட்பது வேறு: "ஏன் ரெண்டு சொல்லாமே நாலு சொன்னீங்க?" இப்போது அந்த மனிதர் பீடியை விட வேண்டியதற்கான காரணங்களைச் சொல்லியாக வேண்டும். சொல்கிறார். தன் காதாலேயே கேட்டும் கொள்கிறார்.

இது மந்திரமும் அல்ல, தந்திரமும் அல்ல. இதை நம்மில் பலர் வேறு இடத்தில் பார்த்தே இருக்கிறோம். ஆலை வாசலில் சங்கம் கட்டிய பழைய ஊழியர்களை நினைத்துப் பாருங்கள். சங்கத்தில் சேரப் பயப்படும் தொழிலாளியை அவர்கள் "கோழையே!" என்று திட்டியா அழைத்து வந்தார்கள்? டீக்கடை பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்து, "கூலி எவ்வளவு? பிள்ளைகள் எத்தனை? மேஸ்திரி எப்படி?" என்று கேட்டார்கள். அவர் பேசினார். தன் குறையைத் தன் வாயால் சொல்லி முடித்தபோது, சந்தா ரசீது தானாகக் கிழிந்தது. மேடையில் பேசிச் சங்கம் வளர்ந்ததைவிட, இப்படிக் காது கொடுத்து வளர்ந்ததுதான் அதிகம். டாக்டர்களுக்குப் புதிதாகக் கற்றுத்தர வேண்டியிருக்கிறது என்கிறார்களே, அந்த வித்தை நம் வீட்டுச் சரக்குதான்! (ஆனால், பீடி குடிக்கும் தோழரிடம் மட்டும் நாமும் டாக்டர் மாதிரியே பேசுகிறோம் என்பதையும் சொல்லியாக வேண்டும்.)

"டாக்டர் பேசினால் பீடி போய்விடுமா? இதெல்லாம் வெறும் பேச்சு" என்று சிலர் சிரிக்கலாம். கணக்கைப் பார்ப்போம். லண்டனில் மைக்கேல் ரஸ்ஸல் என்பவர் நடத்திய ஒரு சோதனையின் முடிவு 1979-ல் வெளிவந்தது. 28 டாக்டர்கள், அவர்களிடம் வந்த புகைபிடிப்போர் 2138 பேர். எதுவும் சொல்லப்படாதவர்களில் ஒரு வருஷம் முழுதும் விட்டவர்கள் 1000-க்கு 3 பேர். டாக்டர் ஓரிரு நிமிஷம் யோசனை சொல்லி, ஒரு துண்டுப் பிரசுரம் கொடுத்து, "மறுபடியும் விசாரிப்போம்" என்று தெரிவித்தவர்களில் விட்டவர்கள் 1000-க்கு 51 பேர். 100-க்கு 5 என்பது சொற்பம் என்று தோன்றும். ஆனால் எத்தனை லட்சம் பேர் வருஷந்தோறும் ஆஸ்பத்திரிப் படியேறுகிறார்கள் என்று நினைத்துப் பாருங்கள்! அந்தச் சோதனையில் கவனிக்க வேண்டியது கடைசி வார்த்தைதான். "மறுபடியும் விசாரிப்போம்." யாரோ நம்மை மறக்கவில்லை என்கிற நினைப்புக்கு அத்தனை பலம்.

லண்டன் கதை நமக்கெதற்கு என்பவர்கள் கோவாவுக்கு வரட்டும். மது மலிவாகவும் தாராளமாகவும் ஓடும் பூமி அது. அங்கே விக்ரம் படேல் என்ற டாக்டரும் அவருடைய சங்காத் என்ற ஸ்தாபனமும் ஒரு பெரிய காரியத்தைச் செய்து காட்டினார்கள். குடியால் கெடுதல் அடைந்துகொண்டிருந்த ஆண்கள் 377 பேரை, ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே கண்டுபிடித்தார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு வழக்கமான கவனிப்பு மட்டும். மறுபாதிப் பேருக்கு அதோடு கூட இந்த உரையாடல் முறையில் சிகிச்சை. அதிகம் போனால் நான்கு சந்திப்பு. முடிவு 2017-ல் லான்செட் என்ற உலகப் பிரசித்தி பெற்ற மருத்துவப் பத்திரிகையில் வெளியாயிற்று. மூன்று மாதம் கழித்து, முந்திய 14 நாட்களில் ஒரு சொட்டும் தொடாதவர்கள், வழக்கமான கவனிப்பில் 100-க்கு 18 பேர். உரையாடல் சிகிச்சையில் 100-க்கு 42 பேர்! ஒரு வருஷம் கழித்துப் பார்த்தபோதும் பலன் கரைந்துவிடவில்லை.

யார் செய்தார்கள் இந்த வைத்தியத்தை? பட்டம் பெற்ற மனோதத்துவ டாக்டர்களா? இல்லை. உள்ளூர்வாசிகள், இந்தத் துறையில் முன்னனுபவமே இல்லாத சாதாரண ஆண்களும் பெண்களும். அவர்களுக்கு வகுப்பு நடத்தினார்கள். பிறகு மாதக்கணக்கில் மேற்பார்வையில் பழக வைத்தார்கள். அதன் பிறகும் விட்டுவிடவில்லை. ஒவ்வொருவரும் நோயாளியோடு பேசியதை ஒலிப்பதிவு செய்து, குழுவாக உட்கார்ந்து கேட்டு, ஒருவர் வேலையை மற்றவர் எடை போட்டுத் திருத்தினார்கள். மேலே ஒரு டாக்டர் உட்கார்ந்து மார்க் போட, கீழே இருப்பவர்கள் நடுங்குகிற ஏற்பாடு அல்ல. ஊழியர்களே ஊழியர்களைத் திருத்திக்கொள்ளும் ஏற்பாடு. நம் கிளைக் கூட்டங்களில் சுயவிமர்சனம், சுயவிமர்சனம் என்று பேசுகிறோமே, அதை நேராக வந்து பார்க்க வேண்டுமானால் கோவாவுக்குப் போக வேண்டும் போலிருக்கிறது!

பெருமையை மட்டும் சொல்லி மற்றதை மறைப்பது நம் பத்திரிகைக்கு வழக்கமில்லை. அதே ஆராய்ச்சியில், வேலைக்குப் போக முடியாத நாட்கள் குறையவில்லை. வீட்டில் மனைவியைத் துன்புறுத்துவதிலும் அந்த மூன்று மாதத்தில் வித்தியாசம் காணப்படவில்லை. குடி குறைந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும். பெண்ணை அடிக்கும் கை பாட்டிலிலிருந்து மட்டும் பிறப்பதில்லை.

கேரளத்திலும் ஒரு முயற்சி நடந்தது. திருவனந்தபுரம் மாவட்டத்தில் 60 வாக்குச்சாவடிப் பகுதிகளை எடுத்துக்கொண்டு (கட்சி ஊழியர்களுக்கு இந்தக் கணக்கு நன்றாகப் புரியும்!) அவற்றில் பாதியில், உள்ளூர் ஆட்களையே தலைவர்களாகப் பழக்கி, சர்க்கரை வியாதி வராமல் தடுக்கக் குழுக்கள் அமைத்தார்கள். 2018-ல் முடிவு வந்தது. குடி குறைந்தது, காய்கறியும் பழமும் உண்பது கூடியது. ஆனால் சர்க்கரை வியாதி புதிதாக வந்தவர்கள் குழு இருந்த இடத்தில் 100-க்கு 15, இல்லாத இடத்தில் 100-க்கு 17. வெற்றி என்று தம்பட்டம் அடிக்கும் அளவுக்கு அந்த வித்தியாசம் பெரிதல்ல. சென்னையில் டாக்டர் அ. ராமச்சந்திரனும் அவருடைய சகாக்களும் கண்ட முடிவு இதைவிட நம்பிக்கை தருவது. 2006-ல் அவர்கள் வெளியிட்ட ஆராய்ச்சியில், உணவையும் நடையையும் மாற்ற இடைவிடாது துணை நின்றதால் மூன்று வருஷத்தில் வியாதி வரும் அபாயம் நான்கில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது. மாத்திரை கொடுத்ததற்குக் கிட்டத்தட்டச் சமமான பலன். 2013-ல் இன்னொன்று. தமிழ்நாட்டிலும் ஆந்திரத்திலும் தொழிற்கூடங்களில் வேலை செய்யும் ஆண்கள் 537 பேர். எல்லோரும் சர்க்கரை வியாதியின் விளிம்பில் நின்றவர்கள். பாதிப் பேருக்குக் கைபேசியில் குறுஞ்செய்தி, அதுவும் அவரவர் மனம் எந்த நிலையில் இருக்கிறதோ அதற்கேற்றபடி. இரண்டு வருஷத்தில் செய்தி பெறாதவர்களில் 100-க்கு 27 பேருக்கு வியாதி வந்தது. பெற்றவர்களில் 18 பேருக்கு.

ஆகவே விஷயம் நடக்கக் கூடியது. ஆனால் எப்படிப் பழக்கினால் நடக்கும்? இங்கேதான் நம் சர்க்கார்களின் யோக்கியதையைப் பார்க்க வேண்டும்.

நம் நாட்டில் பயிற்சி என்றால் என்ன? ஒரு கல்யாண மண்டபம். ஒரு பேனர். மந்திரி வந்தால் மந்திரி, இல்லாவிட்டால் ஜாயின்ட் டைரக்டர். சால்வை, பூச்செண்டு. திரையில் படம் போட்டு ஒருவர் வாசிப்பார். மத்தியானம் சாப்பாட்டுப் பொட்டலம். சாயங்காலம் சர்டிபிகேட்டைப் பிடித்துக்கொண்டு ஒரு போட்டோ. மறுநாள் அறிக்கை: "2000 பேருக்குப் பயிற்சி அளிக்கப்பட்டது!"

இதைப் பற்றியும் மில்லர் ஆராய்ந்திருக்கிறார். 2001-ல் வெளியான ஆராய்ச்சி. இரண்டு நாள் பயிற்சி முகாம் நடத்தினார். வந்தவர்கள் எல்லோரும், "நாங்கள் நன்றாகக் கற்றுக்கொண்டோம், வேலையில் பயன்படுத்துகிறோம்" என்று எழுதிக் கொடுத்தார்கள். அவர்கள் பேசியதைப் பதிவு செய்து கேட்டபோது மாற்றம் கொஞ்சம்தான். எதிரே உட்கார்ந்திருந்தவர்களிடம் மாற்றமே இல்லை! முகாமின் ஒரே பலன், தமக்கு எல்லாம் தெரியும் என்கிற நினைப்பை ஊழியர்களுக்கு உண்டாக்கியதுதான். மனிதர் நேர்மையானவர், தன் முகாமின் தோல்வியைத் தானே அச்சில் ஏற்றினார். 2004-ல் மறுபடியும் பெரிய அளவில், 140 ஆலோசகர்களை வைத்துச் சோதித்தார். சிலருக்கு முகாம் மட்டும். சிலருக்கு முகாமோடு, அவர்கள் பேச்சைக் கேட்டு, "இந்த இடம் சரி, இந்த இடம் தவறு" என்று எழுதி அனுப்பினார்கள். சிலருக்குத் தொலைபேசியில் கூப்பிட்டுத் தனித்தனியாகச் சொல்லிக் கொடுத்தார்கள். சிலருக்கு இரண்டும். பின்தொடர்ந்து திருத்தியவர்களிடம்தான் தேர்ச்சி கூடுதலாக நின்றது. இரண்டையும் பெற்றவர்கள் பேசியபோதுதான் எதிரே இருந்தவர்கள் "நான் மாற வேண்டும்" என்று பேசுவது கூடியது.

கோவாவில் ஏன் பலித்தது என்பதற்கும் இதுதான் காரணம். தறி ஓட்ட ஒரே நாளில் பழகிவிட முடியுமா? பக்கத்தில் ஒரு மூத்த தொழிலாளி நின்று, "நூல் அறுகிறது பார்" என்று பல நாள் சொன்னால்தான் கை பழகும். பேசுவதற்குக் கையைவிட நாக்கு பழக வேண்டும். நாக்கைவிட, சும்மா இருக்கப் பழக வேண்டும். டாக்டர் படிப்பிலேயே 2019 முதல் நடத்தை, ஒழுக்கம், பேச்சுத் தொடர்பு ஆகியவற்றைப் பாடமாகச் சேர்த்திருக்கிறார்கள். நல்லதுதான். ஆனால் பாடம் படித்த டாக்டருக்கு நேரம் வேண்டாமா? 2017-ல் 67 நாடுகளின் கணக்கைத் தொகுத்து ஒரு ஆராய்ச்சி வந்தது. ஸ்வீடனில் டாக்டர் ஒரு நோயாளிக்கு 22 நிமிஷத்துக்கு மேல் செலவிடுகிறார். இந்தியாவில் சுமார் 2 நிமிஷம். வங்காள தேசத்தில் 48 விநாடி! இரண்டு நிமிஷத்தில் என்ன உரையாடல்? நாக்கை நீட்டச் சொல்லவே நேரம் போதாது. வெளியே வரிசையில் இன்னும் 60 பேர் நிற்கும்போது எந்த டாக்டரும் "பீடியை விடய்யா, போ!" என்றுதான் சொல்வார். அவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. காலியான டாக்டர், நர்ஸ் பதவிகளை நிரப்பாதவர்களைத்தான் கேட்க வேண்டும்.

இப்போது நம் மாநிலத்துக்கு வருவோம். 2021 ஆகஸ்ட் 5-ம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளி கிராமத்தில் மக்களைத் தேடி மருத்துவம் என்ற திட்டம் தொடங்கியது. வீட்டுக்கே வந்து ரத்தக் கொதிப்பைப் பார்த்து, மாத்திரை கொடுக்கும் திட்டம். 2024-ல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதும் கிடைத்தது. பாராட்ட வேண்டியதைப் பாராட்டுவோம். ஆனால் அந்த விருதைத் தோளில் சுமந்து படியேறியவர்கள் யார்? மகளிர் சுய உதவிக் குழுக்களிலிருந்து எடுக்கப்பட்ட பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள். தன்னார்வலர் என்றால் என்ன அர்த்தம்? வேலை உண்டு, வேலைக்காரர் என்கிற பெயர் கிடையாது. பணம் உண்டு, அதற்குச் சம்பளம் என்கிற பெயர் கிடையாது, ஊக்கத்தொகை! ஆஷா ஊழியர்களுக்கும் இதே கதைதான். 2013-ல் கூடிய 45-வது இந்தியத் தொழிலாளர் மாநாடு, இப்படிப்பட்ட திட்ட ஊழியர்களைத் தொழிலாளர்களாக அங்கீகரித்துக் குறைந்தபட்சச் சம்பளம் கொடுக்க வேண்டும் என்று சிபாரிசு செய்தது. சர்க்கார், முதலாளிமார், தொழிற்சங்கங்கள் மூன்று தரப்பும் உட்கார்ந்து செய்த சிபாரிசு அது!

வீட்டுக்கு வீடு போய்ப் பழகிய இந்தப் பெண்ணைவிட இந்த உரையாடலுக்குத் தகுதியானவர் யார்? அவருக்குத் தெருவைத் தெரியும். அந்த வீட்டுக் கஷ்டம் தெரியும். அவர் பேச்சும் அந்த வீட்டுப் பேச்சும் ஒன்று. கோவாவின் அனுபவம் இவரைப் போன்றவர்களை நம்பலாம் என்றுதான் சொல்கிறது. ஆனால் ஒரு நாளைக்கு இத்தனை வீடு, இத்தனை பதிவு, கைபேசியில் இத்தனை கட்டம் நிரப்பு என்று இலக்கு போட்டு விரட்டினால், அவர் பேத்தியைப் பற்றிக் கேட்டுக்கொண்டு திண்ணையில் உட்கார முடியுமா? காது கொடுத்துக் கேட்பது ஒரு வேலை. அந்த வேலைக்கு நேரம் கொடு, கூலி கொடு, பழக்கிவிடு! மூன்றில் ஒன்று குறைந்தாலும் அவர் மறுபடியும் "பீடியை விடுங்கண்ணே" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார்.

இன்னொரு அபாயத்தையும் சொல்லியாக வேண்டும். இந்த வித்தையை முதலாளிமாரும் விரும்புகிறார்கள். "ஊழியர் நலம்", "ஆரோக்கியப் பயிற்சி" என்று பெரிய கம்பெனிகள் ஆலோசகர்களை அமர்த்துகின்றன. அமெரிக்காவில் ஒரு பெரிய கிடங்குக் கடைக் கம்பெனியில், 160 இடங்களில், சுமார் 33,000 தொழிலாளர்களை வைத்து நடந்த சோதனையின் முடிவு 2019-ல் வந்தது. திட்டம் நடந்த இடங்களில், "நாங்கள் உடற்பயிற்சி செய்கிறோம்" என்று சொன்னவர்கள் அதிகம். ஆனால் 18 மாதம் கழித்து ரத்தக் கொதிப்பிலோ, ரத்தப் பரிசோதனையிலோ, மருத்துவச் செலவிலோ, வேலைக்கு வராத நாட்களிலோ சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை! ஷிப்டைக் குறைக்காமல், நின்றபடி உழைக்கும் வேலையை மாற்றாமல், சாப்பாட்டு இடைவேளையைக் கூட்டாமல், "மனத்தை மாற்றிக்கொள்" என்றால் வேறென்ன நடக்கும்? 12 மணி நேரம் லாரி ஓட்டுபவரை, தினம் அரை மணி நேரம் நட என்றால், எங்கே நடப்பார்? லாரியைச் சுற்றியா?

சர்க்காரின் இரட்டை வேஷமும் இதே ஜாதிதான். 2003 முதல் தமிழ்நாட்டில் சில்லறை மதுக்கடைகளை நடத்துவது சர்க்கார் கம்பெனியான டாஸ்மாக். 2023-24-ல் மட்டும் அதனால் கஜானாவுக்கு வந்த வருமானம் 45,000 கோடி ரூபாய்க்கு மேல். ஒரு கையால் பாட்டிலை நீட்டி, மறு கையால் மாத்திரையை நீட்டுகிற சர்க்கார், நடுவில் "மனத்தைக் கட்டுப்படுத்திக்கொள்" என்று உபதேசமும் செய்கிறது! அந்த 45,000 கோடியில் எத்தனை ரூபாய் குடியை விட நினைப்பவனோடு உட்கார்ந்து பேசச் செலவாகிறது என்று சட்டசபையில் யாராவது கேட்க வேண்டும்.

பீடி விஷயத்தில் நமக்கும் ஒரு சங்கடம் உண்டு. திருநெல்வேலி, தென்காசிப் பக்கம் பீடி சுற்றிப் பிழைக்கும் பெண்கள் நம் சங்கங்களில் இருக்கிறார்கள். பீடியை விடு என்றால் அவர்கள் அடுப்பு எரியுமா? மாற்றுத் தொழிலுக்கு வழி செய்து, அதுவரை கூலிக்கும் சேமநிதிக்கும் உத்தரவாதம் கேட்பதுதான் நேர்மையான பதில். சங்கடமாக இருக்கிறது என்பதற்காகத் தொழிலாளியின் நுரையீரலைப் பற்றிப் பேசாமல் இருப்பது நேர்மையாகாது.

உடனே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. ஈ.எஸ்.ஐ. சட்டம் 1948-ல் வந்தது. 1952-ல் கான்பூரிலும் டில்லியிலும் திட்டம் நடைமுறைக்கு வந்தது. 2019 ஜூலையில் செய்த மாற்றத்தின்படி, நம் சம்பளத்தில் 100-க்கு முக்கால் ரூபாயும் முதலாளி பங்காக 3 ரூபாய் 25 காசும் அதற்குப் போகிறது. அது தர்மம் அல்ல; நம் உழைப்பின் பணம். அதன் பிராந்திய போர்டுகளிலும் ஸ்தலக் கமிட்டிகளிலும் தொழிற்சங்கப் பிரதிநிதிகளுக்கு இடம் உண்டு. அடுத்த கூட்டத்தில் அவர்கள் எழுந்து கேட்கட்டும். இந்த டிஸ்பென்சரியில் நோயாளியோடு உட்கார்ந்து பேசப் பயிற்சி பெற்ற ஆள் யார்? எத்தனை நாள் பயிற்சி? முகாம் முடிந்த பிறகு அவர் பேச்சைக் கேட்டுத் திருத்தியவர் யார்? இரவு ஷிப்ட் முடிந்து வருகிறவருக்கு அவர் எந்த நேரத்தில் கிடைப்பார்? முதல் தடவை வந்துபோன தொழிலாளியை மறுபடியும் விசாரிக்க என்ன ஏற்பாடு?